தாடிக்கார ஹென்ரிக் விட்டுச்சென்றது என்ன?

கேள்வியின் சாரம் இது: இன்றைய போலந்தின் தென்மேற்குப் பகுதியான சிலேசியாவின் கோமகன் தாடிக்கார ஹென்ரிக் முப்பத்தாறு ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த நாடு, 1238இல் அவர் கண்மூடிய மூன்றே ஆண்டில் சிதறிப்போனது. அரசர் பட்டமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருக்கப் போலந்தின் இடைக்கால ஆட்சியாளர்களில் அவருக்கு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

படை நடத்தியும் பேரம் பேசியும் அவர் பிடித்த ஊர்கள் கைவிட்டுப் போனது உண்மைதான். ஆனால் காட்டை வெட்டி, நிலத்தை அளந்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அவர் குடியேற்றிய ஊர்கள் போகவில்லை. அவற்றில் பல இன்றும் அதே இடத்தில், அதே தெரு அமைப்போடு இருக்கின்றன. போரையும் வாரிசுச் சண்டையையும் மட்டும் படித்தால் இவர் தோற்றுப்போனவராகத்தான் தெரிவார். நில ஆவணங்களைப் படித்தால்தான் இவர் உயரம் புரியும். ஆகவே அந்தப் பகுதியை விரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிலேசிய வரலாற்றில் அடிக்கடி வரும் ஹென்ரிக்குகள் மூவர். முதலாம் ஹென்ரிக்தான் தாடிக்காரர். இரண்டாம் ஹென்ரிக் அவர் மகன், ‘பக்தர்’ என்று அழைக்கப்பட்டவர். 1241 ஏப்ரல் 9 அன்று லெக்னிட்சா அருகே மங்கோலியரோடு பொருது இறந்தவர். நான்காம் ஹென்ரிக் இந்த இரண்டாமவரின் பேரன், 1290இல் இறந்தார். தாடிக்காரர் மங்கோலியரோடு போரிட்டார் என்று எழுதுவது தவறு. அதுபோல அவர் மனைவி புனித யாத்விகா வேறு, 1399இல் இறந்த போலந்து அரசி யாத்விகா வேறு. இருவரும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

ஹென்ரிக் கையில் வந்த நாடு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். போலந்தை ஆண்ட பியாஸ்ட் வம்சத்து மூன்றாம் போலெஸ்வாஃப் 1138இல் இறக்கும்போது போலந்தை மகன்களுக்குப் பங்கிட்டார். மூத்தவர் இரண்டாம் விளாதிஸ்வாஃபுக்குச் சிலேசியாவும் தலைமைப் பட்டமும் வந்தன. 1146இல் தம்பிகள் அவரை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அவர் மகன்கள் 1163இல், ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசாவின் அழுத்தத்தால் சிலேசியாவை மட்டும் திரும்பப் பெற்றார்கள். அந்த மகன்களில் ஒருவரான நெடிய போலெஸ்வாஃப்தான் ஹென்ரிக்கின் தந்தை. அவர் 1201 டிசம்பரில் இறந்தார். ஹென்ரிக்கின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த அண்ணன் யாரோஸ்வாஃப், விரோத்ஸ்வாஃப் ஆயராகவும் ஒப்போலேயின் கோமகனாகவும் இருந்தவர், அதே ஆண்டில் அவருக்கு முன்பே மறைந்திருந்தார். உடனே சிற்றப்பா மியெஷ்கோ ஒப்போலேயைப் பறித்துக்கொண்டார். 1202இல் ஏற்பட்ட உடன்பாட்டில் இரு கிளைகளும் ஒன்றன் நிலத்தில் மற்றொன்று வாரிசுரிமை கோருவதில்லை என்று முடிவானது. ஆக ஹென்ரிக்குக்கு எஞ்சியது ஓடர் ஆற்றின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும். ஆற்றோரம் மட்டுமே நெருக்கமான குடியிருப்பு. தெற்கே சுதேத்தன் மலையடிவாரம் வரை அடர்ந்த காடு. போலிஷ் மொழியில் ‘பிஷெசியெக்கா’ எனப்பட்ட எல்லைக்காட்டை, பகைவர் நுழையாதிருக்க முந்தைய ஆட்சியாளர்கள் வெட்டாமலே விட்டுவைத்திருந்தார்கள்.

அந்தப் பழைய அமைப்பில் கோமகனுக்குக் காசு வராது. குடிகள் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள். கோமகன் பரிவாரத்தோடு ஊர் ஊராகச் சென்று தங்குவார். அவர்களுக்குச் சோறு போடுவது ஊரின் பொறுப்பு. தூதர்களுக்கு வண்டியும் குதிரையும் தர வேண்டும், கோட்டைக்குக் காவல் நிற்க வேண்டும், பன்றியும் மாடும் தேனும் கொடுக்க வேண்டும். சில ஊர்களில் எல்லோரும் சமையற்காரர், சில ஊர்களில் எல்லோரும் பீப்பாய் செய்பவர் என்று தொழில்வாரியாகக் கடமை விதிக்கப்பட்டிருந்தது. டிஷெப்னிட்சா கன்னியர் மடத்துக்கு ஹென்ரிக் கொடுத்த 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆவணங்களில், இப்படிப்பட்ட குடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. எழுத்தறியாத சாதாரண மக்களின் பெயர்களை 800 ஆண்டு கழித்தும் படிக்க முடிகிற அரிய ஆவணங்கள் அவை.

இந்த அமைப்பின் குறை எளிதில் புரியும். கொடுத்த பன்றியைக் கொண்டு வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. தேனைக் கொண்டு செங்கல் மாளிகை கட்ட முடியாது. கோமகன் வராத ஆண்டில் சில கடமைகள் வீணாகும். வந்த ஆண்டில் ஊரே காலியாகும். குடிகளுக்கும் அடுத்த ஆண்டு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரியாது. தெரியாதபோது யாரும் கூடுதல் நிலத்தைத் திருத்தமாட்டார்கள்.

ஹென்ரிக் இதற்கு மாற்றாகப் பரப்பியது ‘ஜெர்மன் சட்டம்’ எனப்பட்ட குடியேற்ற முறை. அவர் தந்தை காலத்திலேயே லூபியோன்ஷ் மடத்தின் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபைத் துறவிகளோடு இதன் தொடக்கம் வந்துவிட்டது. ஆனால் ஒரு மடத்துக்குக் கொடுத்த தனிச்சலுகையாக இருந்ததை நாடு முழுவதற்குமான வேலைத்திட்டமாக மாற்றியவர் ஹென்ரிக். அது நடந்த விதம் இப்படி.

கோமகன் முதலில் ஒருவரோடு ஒப்பந்தம் செய்வார். ஆவணங்களில் இவருக்கு ‘லொகாட்டர்’ என்று பெயர். ஊரை நிறுவித் தரும் ஒப்பந்தக்காரர் என்று கொள்ளலாம். கைமுதல் உள்ள வீரனோ நகரத்து வணிகனோ இந்தப் பொறுப்பை எடுப்பார். குடிகளைத் திரட்டி அழைத்து வருவது, வழிச்செலவு, முதல் பயிர் விளையும்வரை தாக்குப்பிடிக்க வழி, நிலம் அளப்பது எல்லாம் இவர் பாடு. கோமகன் நிலத்தையும் சாசனத்தையும் தருவார். தன் கைக்காசை இறக்கமாட்டார். நாணயம் அதிகம் இல்லாத ஓர் ஆட்சியாளருக்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அளவை. நில அலகுக்கு ஜெர்மன் மொழியில் ‘ஹூஃபே’ என்று பெயர், ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹூஃபே. சிலேசியாவில் இரண்டு வகை வழங்கின. பிளெமிஷ் ஹூஃபே சிறியது, ஏறத்தாழ 42 ஏக்கர். சமவெளியில், ஏற்கெனவே திறந்திருந்த நிலத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். பிராங்கோனிய ஹூஃபே பெரியது, ஏறத்தாழ 60 ஏக்கர். மலையடிவாரக் காட்டுக்கு இது. காட்டு நிலத்தில் ஓடை, சரிவு, பாறை எல்லாம் கழியும் என்பதால் அளவு கூட.

இரண்டு அளவுகளும் இரண்டு விதமான ஊர்களை உண்டாக்கின. சமவெளி ஊரில் விளைநிலம் முழுவதும் மூன்று பெரும் பரப்புகளாகப் பிரிக்கப்படும். ஒன்றில் இலையுதிர் காலத்தில் கோதுமையோ கம்புக்கோதுமையோ விதைப்பார்கள். இரண்டாவதில் வசந்தத்தில் ஓட்ஸ் அல்லது பார்லி. மூன்றாவது தரிசாகக் கிடக்கும், மாடு மேயும். அடுத்த ஆண்டு வரிசை நகரும். ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று பரப்பிலும் நீள நீளமான துண்டுகள் உண்டு. பக்கத்துத் துண்டுக்காரர் அறுக்காமல் நீங்கள் மாட்டை விட முடியாது என்பதால் உழவும் அறுப்பும் ஊர் ஒத்துச் செய்ய வேண்டியவை. காட்டு ஊரில் அந்தக் கட்டாயம் குறைவு. ஓடையின் இரு கரையிலும் வீடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் அவரவர் நிலம் ஒரே பட்டையாகச் சரிவில் ஏறிக் காட்டெல்லை வரை போகும். வெட்ட வெட்டப் பட்டை நீளும். சுதேத்தன் அடிவாரத்தில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றைத் தெருவாக நிற்கும் ஊர்களை வான்படத்தில் பார்த்தால் இந்தப் பட்டைகளின் கோடுகள் இன்னும் தெரியும்.

மூன்றாவது, வரியில்லா ஆண்டுகள். ஏற்கெனவே திறந்த நிலத்துக்குச் சில ஆண்டுகள், காட்டுக்குப் பத்தாண்டும் அதற்கு மேலும். மரத்தை வெட்டுவது பெரிய வேலையில்லை. வேரைத் தோண்டி எடுப்பதுதான் ஆண்டுக்கணக்கில் உயிரை வாங்கும். ஆகவே இந்தக் கணக்கு கருணையால் போட்டது என்று எண்ண வேண்டாம். வேரெடுத்து முடியாத நிலத்துக்கு வரி கேட்டால் குடி ஓடிப்போகும் என்பதைத் தெரிந்து போட்டது.

அதன்பின் வரி நிலையானது. ஒரு ஹூஃபேக்கு ஆண்டுக்குக் கால் கிரிஷ்வ்னா வெள்ளி என்பது பரவலாக வழங்கிய விகிதம். கூடவே குறித்த அளவு தானியம். கிரிஷ்வ்னா என்பது ஏறத்தாழ 200 கிராம் வெள்ளியின் எடை. வண்டிக் கடமை, சோறு போடும் கடமை, காவல் கடமை எல்லாம் நீங்கும். நிலம் மகனுக்குப் போகும். வரி பாக்கியில்லாமல், தனக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால், குடியானவர் ஊரைவிட்டுப் போகவும் உரிமை உண்டு.

லொகாட்டருக்கு என்ன லாபம்? அவர் அந்த ஊரின் ‘சோல்டிஸ்’, அதாவது பரம்பரைத் தலைவர் ஆவார். ஆறில் ஒன்றோ பத்தில் ஒன்றோ ஹூஃபே வரியில்லாமல் அவருக்கு. நீராலை, மதுக்கடை நடத்தும் உரிமையும் பெரும்பாலும் அவருக்கே. ஊர் வழக்கை அவர்தான் விசாரிப்பார். தண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது, மீதி இரண்டு பங்கு நிலவுடையவருக்கு. பதிலுக்கு அவர் போர்க்காலத்தில் குதிரையோடு வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 ஹூஃபே உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று என்றால் சோல்டிஸுக்கு 8. கோவிலுக்கு 2. மீதி 40 ஹூஃபேக்குக் கால் கிரிஷ்வ்னா வீதம் ஆண்டுக்கு 10 கிரிஷ்வ்னா, அதாவது ஏறத்தாழ 2 கிலோ வெள்ளி. முன்பு அந்த இடத்தில் காடு இருந்தது, வருமானம் ஒன்றுமில்லை. இப்படி ஊர் ஊராகச் சேரும்போது கோமகன் கையில் முதன்முறையாக, முன்கூட்டியே எண்ணிச் சொல்லக்கூடிய பணம் சேர்கிறது. பின்னாளில் அவர் போலந்தின் தலைமை இடமாகக் கருதப்பட்ட கிராக்கவ் வரை கை நீட்டியதற்கான பலம் இங்கிருந்து வந்தது என்பதே என் கணிப்பு.

எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். லொகாட்டர் போதிய குடிகளைத் திரட்ட முடியாமல் போனால் வரியில்லா ஆண்டுகள் ஓடிவிடும், பாதி ஹூஃபே ஆளில்லாமல் கிடக்கும். காட்டுக்குள் அளவு துல்லியமாக வராது. ‘இத்தனை ஹூஃபே’ என்று கண்மதிப்பில் எழுதிவிட்டு, வெட்டி முடித்தபின் மறுபடி அளந்தால் கூடுதல் நிலம் தேறும். அது யாருக்கு என்ற வழக்கு தலைமுறை தாண்டியும் நீளும். பழைய ஊரையே புதுச் சட்டத்துக்கு மாற்றும்போது சிக்கல் இன்னும் அதிகம். சிதறிக் கிடந்த வயல்களை ஒன்றுகூட்டி மறுபடி பிரிக்க வேண்டும், யாருக்கோ இருந்த பழைய உரிமை ஒவ்வொன்றும் தலைதூக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் தசமபாகம். திருச்சபைக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கைப் பழைய வழக்கப்படி வயலிலேயே கதிர்க்கட்டாக விட்டுவைக்க வேண்டும். ஆயரின் ஆள் வந்து எண்ணி எடுக்கும்வரை மற்ற ஒன்பது கட்டையும் களத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. அவர் வரத் தாமதித்து மழை பிடித்தால் எல்லாம் நனைந்து முளைவிடும். புதுக் குடிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஹூஃபேக்கு இவ்வளவு என்று தானியமோ வெள்ளியோ நிலையாகக் கொடுப்போம் என்றார்கள். ஹென்ரிக் அவர்கள் பக்கம் நின்றார். நிலையான தசமபாகம் இல்லையென்றால் ஆள் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆயர் லவ்ரென்ட்டி இதைப் புரிந்துகொண்டு உடன்பட்டார். தன் நிலங்களிலும் அதே முறையில் ஊர்களை நிறுவினார். 1232இல் அவருக்குப்பின் வந்த முதலாம் தோமாஸ் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. புகார் உரோமைவரை போனது. கோமகனின் கடைசி ஆண்டுகள் இந்த மோதலிலேயே கழிந்தன. அது தீராமலே அவர் இறந்தார்.

நகரங்களுக்கும் இதே மாதிரிதான், கொஞ்சம் விரிவாக. ஹென்ரிக் 1211இல் ஸ்வோத்தோரியாவுக்கு ஜெர்மனியின் மக்டெபர்க் நகரச் சட்டத்தை வழங்கினார். பேர் சொல்வதுபோல அது பொன் கிடைத்த ஊர். கச்சாவா ஆற்று மணலை அலசிப் பொன் எடுத்தார்கள், இன்றும் அங்கே பொன் அலசும் போட்டிகள் நடக்கின்றன. போலந்தில் நகர உரிமை பெற்ற முதல் ஊர் தங்களுடையதே என்பது அவ்வூராரின் பெருமை. மக்டெபர்கிலிருந்து அங்கு அனுப்பப்பட்ட நகலால்தான், 1188இல் பேராயர் விக்மன் தன் நகரத்துக்குக் கொடுத்த சாசனத்தின் வாசகம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது ஆவண ஆய்வாளர்களுக்கு நெருக்கமான செய்தி. 1217இல் லுவூவெக் நகரம். ஷ்ரோடா நகரத்துக்காக ஹாலே நகர நீதிமான்கள் 1235இல், ஹென்ரிக் கேட்டதற்கிணங்க, தங்கள் சட்டத்தை எழுதி அனுப்பினார்கள். அந்த ஷ்ரோடா சட்டம் பிறகு போலந்தின் உள்நாட்டுச் சிறு நகரங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி ஆனது. நடுவில் செவ்வகச் சந்தைத் திடல், நேர்கோட்டுத் தெருக்கள், ஒரே அளவு மனைகள், ரொட்டிக்கும் இறைச்சிக்கும் தனித்தனிக் கடைத்தொகுதி என்று இன்றைக்கும் சிலேசிய நகரங்களின் மையத்தில் காணும் அமைப்பு இந்தத் தலைமுறையில் பிறந்தது.

‘ஜெர்மன் சட்டம்’ என்ற சொல் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பெரும் அரசியல் சண்டைக்குக் காரணமாகியிருக்கிறது. ஹென்ரிக் நாட்டை ஜெர்மானியமாக்கினார் என்று ஒரு சாரார் புகழ்ந்தார்கள். அதையே மறு சாரார் குற்றமாகச் சொன்னார்கள். ஆவணங்கள் இரண்டுக்கும் இடம் தரவில்லை. அது ஓர் ஒப்பந்த முறையின் பெயர். ஜெர்மன் பேசும் குடியேறிகள் ஏராளமாக வந்தது உண்மை. போலிஷ் பேசும் ஊர்கள் அதே சட்டத்துக்கு மாறியதும் உண்மை. ஹென்ரிக் எந்த மொழிக்காரரைக் கொண்டுவருவது என்று பார்க்கவில்லை. நிலம் விளைய வேண்டும், வரி நிற்க வேண்டும் என்று பார்த்தார். மொழி மாற்றம் பிந்தைய தலைமுறைகளில், மெதுவாக நடந்தது.

தாடி விஷயத்துக்கு வருவோம். 1190 வாக்கில் ஹென்ரிக் பவேரியாவின் ஆன்டெக்ஸ் குடும்பத்து யாத்விகாவை மணந்தார். ஐரோப்பாவின் பெருங்குடும்பங்களில் ஒன்று அது. ஒரு சகோதரி பிரான்ஸ் அரசர் இரண்டாம் பிலிப்பை மணந்தார். இன்னொருவர் ஹங்கேரியின் அரசி, 1213இல் கொல்லப்பட்டவர். அந்த அரசியின் மகள்தான் ஹங்கேரியின் புனித எலிசபெத். பிள்ளைகள் பிறந்தபின், 1209இல் கோமகனும் மனைவியும் ஆயர் முன்னிலையில் துறவு நோன்பு ஏற்று, அதன்பின் தாம்பத்திய உறவின்றி வாழ்ந்தார்கள். அப்போதிருந்து ஹென்ரிக் சிஸ்டெர்சியன் மடத்து எளிய சகோதரர்களைப்போல உச்சி மழித்துத் தாடி விட்டுக்கொண்டார் என்று யாத்விகாவின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது.

இருவரும் சேர்ந்து நிறுவியது டிஷெப்னிட்சா மடம். விரோத்ஸ்வாஃபுக்கு வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். 1202–03இல் நிறுவப்பட்டு, பாம்பெர்கிலிருந்து முதல் கன்னியர் வந்தார்கள். கோவில் 1219இல் அர்ச்சிக்கப்பட்டது. போலந்து மண்ணில் செங்கல்லால் எழுந்த முதல் பெரும் கட்டடங்களில் ஒன்று. மரண தண்டனைக்குரிய குற்றவாளிகளைக் கொல்லாமல் இந்தக் கட்டட வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும் அதே வாழ்க்கை வரலாற்றில் உண்டு. அங்கே போகிறவர்கள் வாசல் மேலுள்ள ஒரு சிற்பத்தைத் தவறவிடக்கூடாது: விவிலியத்தின் தாவீது அரசர் யாழ் மீட்ட, அவர் மனைவி பத்சேபா கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னாளில் பூச்சும் கட்டடமும் மறைத்துக் காத்ததால் அழியாமல் நம்வரை வந்தது. லெக்னிட்சா கோட்டையிலும் ஹென்ரிக் கட்டிய மாளிகையின், சிற்றாலயத்தின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, கூரை போட்டுக் காக்கிறார்கள்.

மகள் கெர்த்ரூடின் வாழ்வும் இந்த மடத்தோடு பிணைந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஓட்டோ ஃபான் விட்டெல்ஸ்பாக், 1208இல் பாம்பெர்கில் ஜெர்மானிய அரசர் பிலிப்பைக் கொன்றான். திருமணம் நின்றது, கெர்த்ரூட் டிஷெப்னிட்சாவில் சேர்ந்து, பின் அதன் தலைவியானார்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் விளைவு குறைவு. 1227 நவம்பரில் போலந்துக் கோமகன்கள் கான்சாவாவில் கூடியபோது பொமரேனியரின் திடீர்த் தாக்குதலில் கிராக்கவின் வெள்ளை லெஷெக் கொல்லப்பட்டார். ஹென்ரிக்கும் படுகாயம் அடைந்தார். பெரெக்ரின் என்ற வீரர் தன் உடலால் அவரை மூடிக்கொண்டு உயிரை விட்டதால் தப்பினார். கிராக்கவ் யாருக்கு என்ற போட்டி எழுந்தது. 1229இல் மசோவியாவின் கொன்ராட், ஸ்பித்கோவிட்செயில் ஹென்ரிக்கைச் சிறைப்பிடித்தார். மகன் படை திரட்டிக்கொண்டிருக்கையில், யாத்விகா தாமே கொன்ராடிடம் போய்ப் பேசிக் கணவரை மீட்டார். கிராக்கவைக் கோரமாட்டேன் என்று சிறையில் செய்த சத்தியத்திலிருந்து ஹென்ரிக்கைப் பின்பு போப் விடுவித்தார். 1231இல் பெரும்போலந்து எனப்பட்ட மேற்குப் பகுதியின் கோமகன் விளாதிஸ்வாஃப் லஸ்கொனோகி தன் உரிமைகளை அவருக்கு எழுதிவைத்து இறந்தார். 1232இல் கிராக்கவ் கைக்கு வந்தது, 1234இல் வார்த்தா ஆறுவரை பெரும்போலந்தும் வந்தது. ஒப்போலேயைச் சிறுவர்களான வாரிசுகளின் காப்பாளராக ஆண்டார். மகனுக்கு அரசமுடி வாங்குவதே அவர் எண்ணம். அது நிறைவேறுமுன் 1238 மார்ச் 19 அன்று ஓடர் கரையிலுள்ள குரோஸ்னோவில் இறந்து, டிஷெப்னிட்சாவில் அடக்கமானார்.

1241இல் மகன் இறந்ததும் கட்டிய அரசு குலைந்தது. கிராக்கவ் போனது, பெரும்போலந்து போனது, மேற்கு வாயிலான லூபுஷைப் பேரன் ரோகாட்கா மக்டெபர்க் பேராயருக்கு விட்டுக்கொடுத்தார். பேரன்கள் சிலேசியாவையே கூறுபோட, அடுத்த நூற்றாண்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு ஆட்சிகள் ஆகி, ஒவ்வொன்றாகப் போஹீமிய (இன்றைய செக் நாட்டு) அரசருக்குக் கீழே போயின. ஹென்ரிக்கின் நேர்வழியில் வந்த கடைசிப் பியாஸ்ட், லெக்னிட்சாவின் இளம் கோமகன் கியோர்க் வில்ஹெல்ம், 1675இல் இறந்தார். ஆட்சி ஹாப்ஸ்பர்குகளிடம், பிறகு பிரஷ்யாவிடம், 1945க்குப்பின் போலந்திடம்.

இதற்குள் குடியேற்றம் நிற்கவே இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மங்கோலியர் போன கையோடு விரோத்ஸ்வாஃப் நகரம் அதே சட்டப்படி, அதே அளவைமுறையில் மறுபடி எழுப்பப்பட்டது. சாசனம் கையில் இருந்த சோல்டிஸ், எந்தக் கோமகன் வந்தாலும் அதையே நீட்டினார். புதியவருக்கும் நிலையான வெள்ளி வருமானம் பிடித்துத்தான் இருந்தது. ஆட்சி மாறினாலும் இரு பக்கமும் இழக்க விரும்பாத ஒப்பந்தம் அது.

யாத்விகா 1243 அக்டோபரில் மறைந்தார். 1267இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்காக மடத்தோடு சேர்த்து எழுப்பிய சிற்றாலயம், போலந்து நிலத்தின் மிகப் பழைய கோதிக் கட்டடங்களில் ஒன்று. 1353இல் வழித்தோன்றல் லுட்விக் எழுதுவித்த ஓவியச் சுவடி இப்போது கலிபோர்னியாவில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்களில் ஹென்ரிக்கையும் தாடியோடு காணலாம். பெர்லினின் கத்தோலிக்கப் பேராலயமும் யாத்விகாவின் பெயரில்தான் நிற்கிறது.

கடைசியாக ஹென்ரிக்கூஃப் மடம். ஹென்ரிக்கின் எழுத்தர் மிகோவாய் சிறிது சிறிதாக நிலம் சேர்த்து, அங்கே ஒரு சிஸ்டெர்சியன் மடம் அமைக்க 1222இல் கோமகனிடம் ஒப்புதல் கேட்டார். நிறுவிய பெருமை தம் குடும்பத்துக்கே எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹென்ரிக் சம்மதித்தார். 1227இல் லூபியோன்ஷிலிருந்து துறவிகள் வந்தார்கள். மிகோவாயும் அதே ஆண்டில் இறந்தார். ஆனால் பழைய வழக்கப்படி, விற்ற நிலத்தையும் தானம் கொடுத்த நிலத்தையும் கொடுத்தவரின் வாரிசுகள் திருப்பிக் கேட்கலாம். மங்கோலியப் படையெடுப்புக்குப்பின் அப்படிப்பட்ட வழக்குகள் குவிந்தன. ஒவ்வொரு துண்டு நிலமும் எப்படி மடத்துக்கு வந்தது என்பதை மறக்காமலிருக்க, 1270 வாக்கில் மடத்தலைவர் பியோத்ர் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். புருக்காலிட்சே என்ற ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்கும்போது, ஹென்ரிக்கின் தந்தை போலெஸ்வாஃபிடம் நிலம் பெற்று அங்கே வாழ்ந்த போக்வால் என்பவர் கையால் மாவரைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னதை, இலத்தீனில் மாற்றாமல் அவர் வாய்மொழியிலேயே எழுதிவிட்டார்: ‘கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு.’ போலிஷ் மொழியில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் வாக்கியம் என்று போற்றப்படுவது இதுதான். அந்த நூல் விரோத்ஸ்வாஃபின் உயர்மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.